கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: கண்ட்ரோல் ரூம் முதல் வேபிரிட்ஜ் வரை

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிய புரோகிராம் இதில் ஓட மறுக்கிறதே, என்ன செய்வது?" கடைக்கு பில் போடும் புரோகிராம், ஜாதகம் கணிக்கும் தொகுப்பு, பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த பைல்களைத் திறக்கும் எடிட்டர் என்று ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும்.

இதே கேள்வி பெரிய ஆலைகளின் கண்ட்ரோல் ரூம்களிலும் கேட்கப்படுகிறது. அங்கே ஓட மறுப்பது பில் புரோகிராம் அல்ல. பாய்லரின் அழுத்தத்தையும் டேங்க்கின் அளவையும் திரையில் காட்டும் புரோகிராம்! இரண்டு இடங்களுக்கும் விடை ஒன்றுதான்: வெர்ச்சுவல் மெஷின். அது என்ன, அதனை நிர்வகிக்கும் சாப்ட்வேர் தொகுப்புகள் எப்படி எளிதாகி வருகின்றன, அந்த எளிமை ஏன் இவ்வளவு முக்கியம், உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் அதனை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஆலைக்கு ஆயுள் அதிகம்

புளியந்தோப்பை அடுத்து பேசின் பிரிட்ஜ். அங்கே 1996-ல் 30 மெகாவாட் வீதம் 4 யூனிட்டுகளுடன் கேஸ் டர்பைன் மின் நிலையம் அமைக்கப்பட்டது. இன்னும் வடக்கே சென்றால் மணலியில் 1969-ல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதையும் தாண்டினால் எண்ணூர், வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் செயல்படத் தொடங்கி இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றுள்ள எண்ணூர் துறைமுகம். தொழிற்சாலைகளுக்கு நடுவில்தான் வட சென்னை மக்கள் வாழ்கிறார்கள்.

இது போன்ற ஆலைகளில் மோட்டாரை ஓட்டுவது, வால்வைத் திறப்பது போன்ற வேலைகளை பி.எல்.சி. அல்லது டி.சி.எஸ். எனப்படும் கண்ட்ரோலர்கள் செய்கின்றன. இவை உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் போன்றவை அல்ல. ஒரே வேலையை நாள் முழுவதும், நொடி தவறாமல் செய்யும் சாதனங்கள். ஆனால் ஆப்பரேட்டர் பார்க்கும் படங்களும் எண்களும் அலாரமும் பெரும்பாலும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில்தான் வருகின்றன. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. 47 ஆண்டுகள்! எம்.எஸ்.டாஸ் வந்ததே 1981-ல் தான். விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வெளியானது. மைக்ரோசாப்ட் அதற்கான சப்போர்ட்டினை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திக் கொண்டது. ஆலையின் இயந்திரத்துக்கு 30, 40 ஆண்டு ஆயுள் என்றால், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு 10, 15 ஆண்டுதான். கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்கு அதைவிடக் குறைவு. எக்ஸ்பி-யில் மட்டுமே ஓடும் புரோகிராமை, எக்ஸ்பி-யை ஏற்காத புதிய கம்ப்யூட்டரில் எப்படி ஓட்டுவது?

வெர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

நம் பக்கத்தில் ஒரே வீட்டை நான்கு போர்ஷன்களாகத் தடுத்து வாடகைக்கு விடுவார்கள். வீடு ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. வெர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு முழு கம்ப்யூட்டர் இருப்பது போன்ற ஏற்பாட்டினை ஒரு சாப்ட்வேர் செய்து தருகிறது. அதில் தனியாக ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். வெளியே விண்டோஸ் 11, உள்ளே ஒரு சிறிய விண்டோவில் விண்டோஸ் எக்ஸ்பி! வெளியே உள்ளதை ஹோஸ்ட் என்றும் உள்ளே உள்ளதை கெஸ்ட் என்றும் அழைப்பார்கள்.

இதன் பெரிய நன்மை என்ன தெரியுமா? உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் முழுவதும் சில பைல்களாகத்தான் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த பைல்களை காப்பி செய்தால் கம்ப்யூட்டரையே காப்பி செய்தது போல. மதர்போர்டு எரிந்து போனாலும், வேறொரு கம்ப்யூட்டரில் அதே பைல்களைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இது புதிய சிந்தனை அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதியை அளித்தது. சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டரில் இதனைச் சாத்தியமாக்கியது வி.எம்.வேர் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வொர்க்ஸ்டேஷன் தொகுப்பு. 2005 முதல் இன்டெல்லும் அடுத்த ஆண்டிலிருந்து ஏ.எம்.டி.யும் தங்கள் பிராசசர்களிலேயே இதற்கான வசதியினைச் சேர்த்தன. 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் வெர்ச்சுவல் பாக்ஸ் தொகுப்பினை இலவசமாக வெளியிட்டது. அது பின்னர் சன் நிறுவனத்துக்கும், 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்துக்கும் சென்றது.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மோட்டாரை ஓட்டும் பி.எல்.சி.யை யாரும் இப்படி வீட்டு கம்ப்யூட்டருக்குள் அடைப்பதில்லை. தாமதம் அங்கே கூடாது. வெர்ச்சுவல் மெஷினுக்குள் போவது, ஆப்பரேட்டர் பார்க்கும் திரை, பதிவுகளைச் சேமிக்கும் சர்வர், இன்ஜினியர்களின் வேலை கம்ப்யூட்டர் போன்றவைதான். ஆனால் திரை போனால் ஆலை ஓடிக் கொண்டிருந்தாலும் ஆப்பரேட்டருக்குக் கண் போனது போலத்தான்.

இரவு இரண்டு மணிக்கு யார் பட்டனை அழுத்துவார்?

தொழில்நுட்பம் தயார். பிறகு என்ன சிக்கல்? அதனை நிர்வகிக்கும் தொகுப்புகள், சர்வர் அறையில் வேலை பார்க்கும் ஐ.டி. ஆட்களுக்காக எழுதப்பட்டவை. திரை முழுக்கப் புரியாத சொற்கள், நூற்றுக்கணக்கான செட்டிங்ஸ். கண்ட்ரோல் ரூமிலோ இரவு ஷிப்டில் இருப்பவர் கெமிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் படித்தவர். ஒரு வெர்ச்சுவல் மெஷின் நின்று போனால், ஐ.டி. ஆள் காலையில்தான் வருவார். அதுவரை காத்திருக்க முடியாது. எந்தப் பெயர் எந்தத் திரைக்கு உரியது, எதை அழுத்தினால் எது நிற்கும் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

திரை தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாமல் திறந்தபடியே நின்று விட்டது. ஆனால் பேனலில் இருந்த விளக்கு, வால்வு மூடிவிட்டது போலக் காட்டியது. உண்மையில் அந்த விளக்கு, "மூடு" என்ற கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதா என்பதை அல்ல. விளக்கை நம்பி ஆப்பரேட்டர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தவறான வழியில் சென்றனர். அணு உலையின் உட்பகுதியில் ஒரு பங்கு உருகியது.

வெர்ச்சுவல் மெஷினிலும் இதே ஆபத்து உண்டு. பட்டியலில் ஒரு மெஷினுக்கு எதிரே "ரன்னிங்" என்று இருக்கும். அதற்கு, அந்த மெஷினுக்கு பவர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். உள்ளே விண்டோஸ் நீலத் திரையில் செத்துக் கிடந்தாலும் வெளியே "ரன்னிங்" தான்!

என்னென்ன மாற்றங்கள் வந்துள்ளன?

இப்போது வெர்ச்சுவல் பாக்ஸ் தொகுப்பின் மேனேஜர் திரையில், தேர்ந்தெடுத்த மெஷினின் உள்ளே என்ன தெரிகிறது என்பதைச் சிறு படமாகவே காட்டும் பிரிவியூ வசதி உள்ளது. நீலத் திரை என்றால் அங்கேயே தெரிந்து விடும். பெயரைப் படித்துக் குழம்ப வேண்டியதும் இல்லை.

அடுத்தது மூடும் விண்டோ. மேலே உள்ள பெருக்கல் குறியில் கிளிக் செய்தால் உடனே மெஷின் அணைந்து விடுவதில்லை. மூன்று வழிகள் காட்டப்படுகின்றன. "சேவ் த மெஷின் ஸ்டேட்" என்றால் இருந்த நிலையிலேயே உறைய வைக்கும்; மறுபடி இயக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். "சென்ட் த ஷட் டவுன் சிக்னல்" என்றால் உள்ளே உள்ள விண்டோஸுக்கு முறையாக மூடச் சொல்லும். "பவர் ஆப் த மெஷின்" என்றால் பிளக்கைப் பிடுங்குவது போல. மூன்றும் அருகருகே, தனித்தனிப் படத்துடன் இருப்பதால் அவசரத்தில் தவறு குறைகிறது.

மெமரி ஒதுக்கும் இடத்தில் எண்ணை மட்டும் கேட்காமல், பச்சையில் தொடங்கி சிவப்பில் முடியும் ஒரு பட்டையைக் காட்டுகிறது. சிவப்புக்குப் போனால் ஹோஸ்ட் கம்ப்யூட்டர் திணறும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

2022-ல் வந்த 7.0 பதிப்பில், புதிய மெஷின் உருவாக்கும்போதே ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தானாக இன்ஸ்டால் செய்யும் வசதியும், எந்த மெஷின் எவ்வளவு மெமரி, பிராசசர் எடுக்கிறது என்று ஒரே இடத்தில் காட்டும் திரையும் சேர்ந்தன. 2024-ல் வந்த 7.1 பதிப்பில் பேசிக், எக்ஸ்பர்ட் என்று இரண்டு நிலைகள் வந்தன. பேசிக் நிலையில் அன்றாடம் தேவைப்படும் செட்டிங்ஸ் மட்டும் கண்ணில் படும். 2025-ன் 7.2 பதிப்பில், மூன்று கோடு மெனுவுக்குள் ஒளிந்திருந்த டூல்ஸ் எல்லாம் வெளியே, பார்வையில் படும் இடத்துக்கு வந்துவிட்டன.

ஆலைகளில் பயன்படும் பெரிய தொகுப்புகளும் மாறியுள்ளன. வி.எம்.வேர் நிறுவனத்தின் வி ஸ்பியர் தொகுப்பினை நிர்வகிக்க ஒரு காலத்தில் விண்டோஸில் தனி சாப்ட்வேர் தேவைப்பட்டது. பிறகு பிளாஷ் பிளேயரில் ஓடும் திரை வந்தது. மெதுவாக இருக்கிறது என்று பலர் சலித்துக் கொண்டனர். 2020-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து பிளாஷ் முற்றிலும் நீக்கப்பட்டு, சாதாரண பிரவுசர் இருந்தால் போதும் என்ற நிலை வந்தது.

எமர்சன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆலைகளுக்கான தன் டெல்டா வி கண்ட்ரோல் சிஸ்டத்திற்கென்றே டெல்டா வி வெர்ச்சுவல் ஸ்டூடியோ என்ற தொகுப்பினை அளித்தது. அடியில் ஓடுவது மைக்ரோசாப்டின் ஹைப்பர் வி தான். ஆனால் ஆலை இன்ஜினியருக்குத் தெரிந்த வகையில், ஆப்பரேட்டர் ஸ்டேஷன் போன்றவற்றுக்கான மாதிரிகள் தயாராக இருக்கும். தேர்ந்தெடுத்து உருவாக்கிக் கொள்ளலாம். ஹைப்பர் வி பற்றி ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எளிமைக்கும் எல்லை உண்டு

எல்லாமே ஒரு கிளிக்கில் நடந்து விட்டால் நல்லதா? இல்லை. 2011 பிப்ரவரியில் ஷியோனோகி என்ற ஜப்பானிய மருந்து நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் வேலையை விட்டுச் சென்ற ஒருவர், உணவகம் ஒன்றின் பொது வை-பை மூலம் உள்ளே நுழைந்து, 15 ஹோஸ்ட் கம்ப்யூட்டர்களில் இருந்த வெர்ச்சுவல் மெஷின்களை ஒவ்வொன்றாக அழித்தார். மொத்தம் 88 சர்வர்களுக்குச் சமம். நிறுவனத்தின் வேலை பல நாட்கள் முடங்கியது. 88 நிஜ கம்ப்யூட்டர்களைத் திருட லாரி வேண்டும். இங்கே மவுஸ் போதுமானதாக இருந்தது!

எனவே நல்ல தொகுப்பில் ஸ்டார்ட் பட்டன் எளிதாகவும் டெலீட் பட்டன் சற்றுக் கடினமாகவும் இருக்க வேண்டும். யாருக்கு எந்த பட்டன் என்பதையும் பிரித்துத் தர வேண்டும். ஷிப்ட் ஆப்பரேட்டருக்குத் திரையைப் பார்க்கவும் மீண்டும் இயக்கவும் உரிமை போதும். அழிக்கும் உரிமை வேறு ஒருவரிடம், வேறு பாஸ்வேர்டுடன் இருக்கட்டும். வேலையை விட்டுச் சென்றவரின் பாஸ்வேர்டை அன்றே நீக்க வேண்டும். வெர்ச்சுவல் பாக்ஸில் ஒரு மெஷினை நீக்கச் சொன்னால், பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, பைல்களையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்பது இதற்காகத்தான். நின்று படித்துவிட்டு கிளிக் செய்திடுங்கள்.

வேபிரிட்ஜ்: நம் தெருவின் கண்ட்ரோல் ரூம்

மின் நிலையம் எல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? மணலி, எண்ணூர் செல்லும் சாலைகளில் லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ்களைப் பார்த்திருப்பீர்கள். மேடையில் உள்ள லோடு செல் எடையை அளக்கிறது. இண்டிகேட்டர் பெட்டி அதனை எண்ணாக மாற்றி, சீரியல் போர்ட் வழியாக கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. புரோகிராம் அதனை வாங்கி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது போடுகிறது. ஒரு சிறிய அறைக்குள் முழு கண்ட்ரோல் சிஸ்டம்!

புரோகிராமை எழுதித் தந்தவர் தொழிலை விட்டுப் போயிருப்பார். சி.டி. தொலைந்திருக்கும். எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றே நம்பிக்கை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த மழையில் புளியந்தோப்பு பகுதி வெள்ளத்தில் தவித்ததை நாம் மறக்க முடியாது. அது போன்ற ஒரு இரவில் தரையில் இருக்கும் சி.பி.யு. நனைந்தால், போவது கம்ப்யூட்டர் மட்டுமல்ல. லாரிகள் வேறு மேடைக்குப் போகும். எடை போட்டுக் கொடுப்பவரின் அன்றாடக் கூலியும் போகும்.

அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே வெர்ச்சுவல் மெஷினாக மாற்றிக் கொள்வதுதான் வழி. மைக்ரோசாப்டின் சிஸ் இன்டர்னல்ஸ் பிரிவு தரும் டிஸ்க் 2 வி.ஹெச்.டி. என்ற இலவச புரோகிராம், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் ஒரே பைலாக மாற்றித் தரும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தும் இதனைச் செய்யலாம். தெரிந்த டெக்னீஷியனை உடன் வைத்துக் கொள்வது நல்லது. மாற்றிய பின் எக்ஸ்பி மீண்டும் ஆக்டிவேஷன் கேட்கலாம். புதிய கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லை என்றால் யு.எஸ்.பி. டு சீரியல் கேபிள் வாங்கி, மெஷினின் செட்டிங்ஸில் சீரியல் போர்ட்ஸ் பிரிவில் அதனை இணைக்க வேண்டும். புரோகிராமுக்கு யு.எஸ்.பி. டாங்கிள் இருந்தால் டிவைசஸ் மெனுவில் யு.எஸ்.பி. பிரிவில் தேர்ந்தெடுக்கலாம். பேரலல் போர்ட்டில் மாட்டும் பழைய டாங்கிள் என்றால் சிக்கல்தான். முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்திடுங்கள்.

வீட்டில் பழகிப் பார்க்க

முதல் நாளே முக்கியமான புரோகிராமில் கை வைக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை வைத்துப் பழகலாம்.

1. உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. மெமரியும், ஹார்ட் டிஸ்க்கில் 40 ஜி.பி. இடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் செட்டிங்ஸில் வெர்ச்சுவலைசேஷன் என்பது இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. வெர்ச்சுவல் பாக்ஸ் தொகுப்பினை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். அதே போல லினக்ஸ் மின்ட்டின் ஐ.எஸ்.ஓ. பைலையும் அதன் தளத்திலிருந்து பெறவும்.

3. வெர்ச்சுவல் பாக்ஸை இயக்கி, பேசிக் நிலையைத் தேர்ந்தெடுத்து, "நியூ" என்பதில் கிளிக் செய்திடவும். மெஷினுக்குப் புரியும்படி பெயர் கொடுங்கள். "டெஸ்ட் 1" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

4. ஐ.எஸ்.ஓ. பைலைக் காட்டவும். தானாக இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டால் முதல் முறை வேண்டாம் என்று வையுங்கள். அப்போதுதான் படிகள் புரியும். மெமரி 4 ஜி.பி., டிஸ்க் 25 ஜி.பி. கொடுத்து முடித்து, "ஸ்டார்ட்" அழுத்தவும்.

5. எல்லாம் முடிந்ததும் மெஷினை மூடிவிட்டு, ஸ்நாப்ஷாட் பிரிவில் "டேக்" என்பதில் கிளிக் செய்திடவும். இனி உள்ளே எதைக் கெடுத்தாலும் "ரெஸ்டோர்" மூலம் இந்த நிலைக்குத் திரும்பலாம்.

கவனிக்க வேண்டியவை

ஸ்நாப்ஷாட் என்பது பேக்கப் அல்ல. அது அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் போகும். மெஷினை மூடிய பின் அதன் போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

"ரெஸ்டோர்" அழுத்தினால் மெஷின் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் டேட்டாவும் பின்னோக்கிப் போகும். திங்கள் கிழமை எடுத்த ஸ்நாப்ஷாட்டுக்கு வெள்ளிக் கிழமை திரும்பினால், நடுவில் போட்ட ரசீதுகள் அனைத்தும் காணாமல் போகும். ரெஸ்டோர் செய்கையில் "இப்போதைய நிலையையும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுக்கவா" என்று வெர்ச்சுவல் பாக்ஸ் கேட்கும். அந்த டிக் அடையாளத்தை எடுத்து விடாதீர்கள். பில், கணக்கு டேட்டாவைத் தினமும் மெஷினுக்கு வெளியேயும் காப்பி எடுக்கவும்.

எக்ஸ்பி போன்ற சப்போர்ட் இல்லாத சிஸ்டத்தை வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டினாலும் வைரஸ் பயம் போவதில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் "நாட் அட்டாச்டு" என்று வைத்து இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து விடுங்கள். விண்டோஸுக்கு உரிய லைசென்ஸும் தேவை. வெர்ச்சுவல் பாக்ஸ் இலவசம் என்றாலும், அதனுடன் தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசமாகிவிட்டது. ஹைப்பர் வி வசதி விண்டோஸ் ஹோம் பதிப்பில் இல்லை.

இறுதியாக ஒரு சோதனை. காப்பி எடுத்து வைத்த மெஷினை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாத ஒருவரை இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எதுவும் சொல்லக் கூடாது. அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக் கொண்டு, மெஷினின் பெயரை மாற்றுங்கள். தேவையான படிகளை ஒரு தாளில் தமிழில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அதுதான் உதவும்.